கலிஸ்ரா அக்காவின் லாச்சிகள்

"தலைப்பை விடுங்கோ தம்பி. ஆர் வித்தவை, ஆர் வாங்கினவை? அதைச் சொல்லுங்கோ."

வவுனியாவிலுள்ள பல்கலைக்கழக வளாக நூலகத்துக்குக் கட்டுரை தேடி வருகிற எவரையும் அங்கே வேலை செய்யும் கலிஸ்ரா அக்கா இப்படித்தான் மறிப்பார். நீட்டும் துண்டை வாசிக்காமலே மேசையில் கவிழ்த்துவிடுவார். 'சந்தைப்படுத்தல்' என்று நான் எழுதிக் கொடுத்ததும் அப்படித்தான் கிடந்தது.

"கருவாடு, அக்கா. கொக்கிளாய்க் கரையிலை வள்ளம் வலை வைச்சிருந்த சம்மாட்டிமார் வித்தது, கொழும்பு முதலாளிமார் வாங்கினது."

"அப்பிடிச் சொல்லுங்கோவன். சந்தைப்படுத்தலுக்கை தேடினால் சோப்பும் பற்பசையும்தான் வரும்."

அட்டைப் பட்டியல் அலுமாரியில் வணிகம் என்று எழுதிய லாச்சியை அவர் இழுக்கவேயில்லை. கூட்டுறவைத் திறந்தார். பிறகு உப்பை. பிறகு வீதிப் போக்குவரத்தை.

"அது ஏன்?"

"லொறி இல்லாமல் கருவாடு கொழும்புக்கு நடந்தே போனது?"

பத்து நிமிடத்தில் தூசி தட்டி ஓர் அறிக்கையை எடுத்து வந்தார். "வா மோனை, எத்தினை வருசம் ஒளிச்சிருந்தனி!" புத்தகங்களோடு அவர் கதைப்பது இப்படி. இருபத்தைந்து வருடப் பழசு. கரையில் வாங்கிய விலை, கொழும்பில் விற்ற விலை, மாதம் மாதமாக. ரொறன்ரோவில் ஆறு மாடி நூலகத்தில், எட்டு மாதம் கணினிக்கு முன்னால் குந்தியிருந்தும் எனக்கு அகப்படாத அட்டவணை. அங்கே ஒருவரும் என்னிடம் ஆர் வித்தவை என்று கேட்டதில்லை.

அக்காவுக்குப் பட்டம் கிடையாது. கொக்கிளாயில் மீன் ஏலம் கூறுகிறவரின் மகள். எண்பத்து நாலில் இடம்பெயர்ந்தவர். ஆனால் இங்கே எழுதப்பட்ட வணிக ஆய்வேடுகளைப் புரட்டினேன். இருபத்து மூன்று ஏடுகளின் முன்னுரையில் அவர் பெயர். என் பெயர் இதுவரை எவருடைய முன்னுரையிலும் வந்ததில்லை.

கை நீட்டினேன். அறிக்கை என்னைத் தாண்டி யன்னலோரம் போனது.

"இந்தா பிள்ளை, நீயும் இதைத்தானே ஒரு மாசமாத் தேடினாய். இவ்வளவு நாளும் லொறியை நினைக்காமல் விட்டிட்டன்."

இறுதியாண்டு மாணவி கௌசலா அதை இரண்டு கையாலும் வாங்கினாள். அவள் 'பிள்ளை'. நான் வெறும் 'தம்பி'.

அவளுக்கு மறுநாள் ஆய்வேடு ஒப்படைக்கும் கடைசி நாள். எனக்கு மறுநாள் காலை வவுனியாவில் தங்குவதற்குப் படையினர் தந்த பாஸ் முடிகிறது. சட்டைப் பையில் தொட்டுத் தொட்டே அதன் மடிப்புக் கிழிந்திருந்தது. கரண்ட் இல்லை, போட்டோக்கொப்பி மெசின் துணி மூடிக் கிடந்தது. ஒரேயொரு பிரதி. வெளியே கொண்டுபோக முடியாது. ஐந்து மணிக்குப் பூட்டு.

"இவர் கனடாவிலை எங்கையும் எடுப்பார்தானே அக்கா?" என்றாள்.

"அங்கை இல்லையெண்டுதானே தங்கச்சி வந்தனான்."

"பாருங்கோவன்! கனடாவும் எங்கட கியூவிலை நிக்குது" என்று அக்கா சிரித்தார்.

ஒரு கதிரையை இழுத்தார். என் பக்கம் வருகிறாரென்று நகர்ந்து இடம் விட்டேன். கௌசலாவுக்கு அருகில் போட்டு அமர்ந்தார். அறிக்கையை விரித்து, அந்த அமைதியான மண்டபம் அதிர, கரையில் ஏலம் கூறும் குரலில் தொடங்கினார்:

"தை மாசம்! கட்டாக் கருவாடு, றாத்தல் ரெண்டு ரூவா பத்து! கொழும்பிலை மூண்டு அறுபது!"

வாசித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கௌசலா எழுதினாள். நான் பேனாவைத் திறக்காமல் அவர்களுடைய இரண்டு கதிரைகளுக்கும் இடையிலிருந்த கையகல இடைவெளியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

குரல் நின்றது.

"நெத்தலி எவ்வளவு அக்கா?" கௌசலா அவசரப்பட்டாள்.

அக்கா நெத்தலி வரியில் விரலை அழுத்தியபடி, என் பேனா காகிதத்தில் படும்வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.