பொம்மப் படத்துல எம்மூஞ்சி

எங்க வூட்ல சண்டைன்னா நேரா பேசிக்க மாட்டோம். மாட்டப் பாத்துதான் பேசுவோம். "ஏ பசுவே, சோறு ஆறிப்போவுது, வந்து துன்னச் சொல்லு"ன்னு நான் சொல்லுவேன். "பசிக்கலன்னு சொல்லு"ன்னு எம்பொண்ணு அதே மாட்டாண்ட சொல்லுவா. அது பாட்டுக்கு அச போட்டுகினு நிக்கும்.

மானாம்பதில ஒரு நல்ல எடம் வந்திச்சி. வேணாம்னுட்டா. மெட்ராஸ்ல பொம்மப் படம் வரையற வேல கெடச்சிக்கீதுன்னு பையத் தூக்கிகினு போயிட்டா. கண்ணாலம் வேணாம், பொம்ம வேணுமாம். போனவ அவ நைனாவாண்ட மட்டும் போன்ல பேசுவா. நானும் எறங்கிப் போவல. நான் இன்னா கெட்டதா சொல்லிட்டேன்? ரெண்டு வருசம் ஓடிப்போச்சி.

ஒரு ஞாயித்துக்கெழம காத்தால வேர்க்கல்ல ஒடச்சிகினு இருந்தேன். வூட்டுக்காரரு டிவியப் போட்டு, "ஒம்பொண்ணு எழுதி வரஞ்சது, பாரு"ன்னாரு.

படத்துல ஒரு அம்மாக்காரி, ஒரு பொண்ணு. ரெண்டு பேருக்கும் சண்ட. அம்மாக்காரி மாட்டப் பாத்து, "சோறு ஆறிப்போவுது, அவள துன்னச் சொல்லு"ன்னா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. அந்த மாடு திரும்பி, "நான் இன்னா போஸ்ட்மேனா?"ன்னு கேட்டுது. டிவிக்குள்ள ஒரு கும்பலே சிரிச்சிது. ஆளு ஒருத்தரயும் காணோம்.

"யாரு சிரிக்கிறது? எங்க வூட்டு சண்டையில இவங்களுக்கு இன்னா சிரிப்பு?"

"அது படம் எடுக்கறவங்களே சேத்து வெக்கிற சிரிப்புடி"ன்னாரு.

சிரிப்பக் கூடவா சேத்து வெப்பாங்க? அதுக்குள்ள அந்த அம்மாக்காரி சண்டைய வுட்டுட்டு, டிவிலேந்து நேரா என்னப் பாத்தா. "இதெல்லாம் நானா பேசல. ஒருத்தி எழுதிக் குடுக்கறா, பேசறேன்"ன்னா. எனக்கு ஒன்னும் வெளங்கல.

"யாரப் பாத்து சொல்றா? என்னயா?"

"டிவி பாக்கற எல்லாரயும்தான்."

"எல்லாருமா அவளப் பெத்தாங்க?"

படத்துல பென்சிலோட ஒரு கை வந்துது. அம்மாக்காரி மூஞ்சிய அழிச்சிது, வரஞ்சிது, மறுபடி அழிச்சிது. "எங்கம்மா மூஞ்சி இப்ப எப்டி கீதுன்னே தெரியலயே"ன்னு ஒரு கொரலு. எம்பொண்ணு கொரலேதான். அதுக்கும் அந்தக் கும்பல் சிரிச்சிது. அவ நெஜமா சொல்றாளா, நக்கலு பண்றாளா, ஒரு எழவும் புரியல.

"அவளுக்குப் போனப் போடு, மூஞ்சி தெரியற மாதிரி போடு"ன்னேன்.

நைனான்னு நெனச்சி எடுத்தவ என்னப் பாத்ததும் அப்டியே நின்னுட்டா.

"நல்லாப் பாத்துக்கோ. பாத்து ஒழுங்கா வரஞ்சிக்கோ"ன்னேன்.

"அது காமெடிமா. சும்மா சிரிக்கறதுக்கு எழுதுனது."

"அப்ப ஏன்டி அய்வற?"

கண்ணத் தொடச்சிகினு போன மூஞ்சாண்ட இழுத்துப் பாத்தா.

"எப்பம்மா ஒனக்கு இவ்ளோ நர வந்துது?"ன்னா.