கோட்டுக்கு இரண்டடி முன்னால

மாங்குளத்துக்குக் கிட்ட ஒரு பள்ளிக்கூடத்தில பொம்பிளைப் பிள்ளையளுக்கு ஹொக்கி பழக்கிறது நான்தான். போன வருசம் மாகாணப் போட்டிக்கு முன்னம் ஒரு கெட்டித்தனம் செய்தனான். தோக்கிற அணியாப் பார்த்து ஆட்டம் வைச்சனான். ஓம், வேணுமெண்டுதான். பெரிய பள்ளிக்கூடங்களிட்டை அடி வாங்கி வாங்கி என்ர பிள்ளையள் சோர்ந்துபோச்சுதுகள். நாலு வெற்றி கண்டால் நிமிர்ந்திடுவினம் எண்டு நினைச்சன். கப்டன் பிள்ளைக்கு அந்த மாகாண வெற்றி உயிர். அதில வெண்டு தேசியப் போட்டிக்குப் போனால்தான் விளையாட்டுச் சான்றிதழோட பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கலாம். மாக்ஸ் மட்டும் அவளுக்குக் காணாது.

உள்ளுக்கை, காட்டோரமா ஒரு சின்னப் பள்ளிக்கூடம் அம்பிட்டுது. அவையின்ர மைதானத்தில முதல் ஆட்டம், ஒம்பதுக்குச் சைபர். வெண்ட சந்தோசத்தை விட, அந்தப் பிள்ளையள் நிண்ட விதம்தான் எனக்கு ஞாபகம். பந்து ஓரத்துக்குப் போகும். அவையின்ர பிள்ளையள் துரத்திக்கொண்டு வருவினம். சுண்ணாம்புக் கோட்டுக்கு இரண்டடி இருக்கேக்கை அப்பிடியே நிண்டிடுவினம். பந்து இன்னும் உள்ளுக்கைதான். ஆனால் ஒருத்தியும் பந்தைப் பார்க்கிறேல்லை, எல்லாரும் நிலத்தைப் பார்ப்பினம். ஒரு சத்தமில்லை.

"என்ன மாஸ்டர் இது?" எண்டு அவையைப் பழக்கிறவரைக் கேட்டன்.

"கோட்டுக்கு அங்கால முந்தி மிதிவெடி, ரீச்சர். எடுத்துக் கனகாலம். இதுகள் ஒண்டும் அதைக் கண்ணால கண்டதில்லை. தாய்மார் நடை பழக்கேக்கையே நிக்கவும் பழக்கிப்போட்டினம்."

பாவமாத்தான் இருந்தது. இருந்தும் வெக்கம் கெட்டு இன்னும் மூண்டு ஆட்டத்துக்குத் திகதி வாங்கினன். "ஓரத்தால கொண்டுபோங்கோ, லேசா வெல்லலாம்" எண்டு என்ர பிள்ளையளுக்குச் சொல்லியும் குடுத்தன்.

நாலு ஆட்டமும் முடிய, எங்கட மைதானத்தில பயிற்சி அமைதியாயிட்டுது. வழமையா காகக்கூட்டம் மாதிரிக் கத்துறதுகள். ஒழுக்கம் வந்திட்டுது எண்டு நான், விசரி, பெருமைப்பட்டன்.

மாகாணப் போட்டியில ஒண்டுக்கு ஒண்டு, சமநிலை. கடைசி நிமிசம். கப்டன் பந்தோட ஓரத்தால பறக்கிறாள். பந்து கோட்டுப்பக்கம் கொஞ்சம் சரிஞ்சுது. ஐயோ, நிண்டிட்டாள்! பின்னால ஓடிவந்த எங்கட மற்ற இரண்டு பேரும் நிண்டிட்டினம். மூண்டு பேரும் நிலத்தைப் பார்த்தபடி. எதிர்ப்பக்கத்துப் பிள்ளை பந்தை எடுத்துக்கொண்டு போய்க் கோல் அடிச்சிட்டாள்.

"ஏனடி நிண்டனீ?" எண்டு கத்தினன்.

"தெரியேல்லை ரீச்சர். கால் போகேல்லை" எண்டு விக்கி விக்கி அழுதாள். அந்தக் கோட்டுக்கு அங்கால இருந்தது தார் ரோட்டும் ஒரு கூல்பார் கடையும்தான்.

அடுத்த கிழமை அந்த மாஸ்டர் போன் எடுத்தார். கப்டன் பக்கத்தில மட்டையளை அடுக்கிக்கொண்டு நிண்டவள்.

"ரீச்சர், எங்கட பிள்ளையள் நேற்றுக் கோட்டைத் தாண்டி ஓடினதுகள்!" மனுசன் சந்தோசத்தில கத்துறார். "பந்து பத்தைக் காட்டுக்குள்ள போக, சிரிச்சுக்கொண்டு போய் எடுத்ததுகள். உங்களோட விளையாடின பிறகுதான். இன்னொரு திகதி தாங்கோவன்."

எங்கட பிள்ளையளின்ர ஓடுற கால் அங்கைதான் இருக்குது, போய் வாங்கிக்கொண்டு வருவம் எண்டுதான், சத்தியமா, முதல்ல நினைச்சன். வாறம் எண்டு வாயெடுக்க முன்னம் கப்டன் என்ர கையைப் பிடிச்சாள். போனில கதைச்சது முழுக்க அவளுக்குக் கேட்டிருக்கு.

"வேண்டாம் ரீச்சர்" எண்டாள். "இந்தப் பயம் திரும்பவும் அவையளிட்டைப் போயிடும்."