கையைத் தூக்க மாட்டேன்

இந்த ஊரில் வேலை முடிந்து வீட்டுக்குப் போக வேண்டுமென்றால் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும். மலையாளத் துறைமுகமான மட்டாஞ்சேரியில் நாங்கள் வேலை செய்யும் மிளகுக் கிடங்கில் அதுதான் வழக்கம். சேலை மடிப்பில் ஒரு பிடி மிளகு ஒளிந்திருக்குமோ என்ற சந்தேகம்! பெண்களைத் தடவிப் பார்க்க வாசலில் கதீஜாக்கா இருப்பாள், பாலக்காட்டுத் தமிழ்க்காரி. எழுபதுகளின் கடைசியில் வந்த புதிதில் கூசிப்போனேன். பிறகு பழகிவிட்டது.

ஊரில் மட்டும் என்ன வாழ்ந்தது? சங்கரன்கோவிலில் என்னை மூன்று முறை பெண் பார்க்க வந்தார்கள். நட, திரும்பு, பின்னலை அவிழ்த்துக் காட்டு. மூன்றாவது கூட்டம் பல்லைப் பார்த்தபோது, "இதென்ன மாட்டுச் சந்தையா?" என்று கத்திவிட்டு எழுந்துபோனேன். அடுத்த வாரமே ரயில் ஏறினேன். இங்கே என் பக்கத்தில் உட்கார்ந்து மிளகு புடைத்த வைப்பின் தீவுக்காரி லீலாவோடு ஒரே அறையில் குடித்தனம் வைத்தேன். ஆமாம், குடித்தனம்தான். அவள்தான் என் துணை. சொல்ல எனக்கு வெட்கமில்லை.

சூப்பர்வைசர் ஒருநாள், "கல்யாணம் கழிஞ்சோ?" என்று கேட்டான். "எங்களுக்கு ஆம்பளை வேண்டாம் சாரே" என்றேன். பேச்சு அதோடு முடிந்தது என்று நினைத்தேன். அவனோ எங்களைக் கேட்பாரில்லாத சரக்கு என்று எடுத்துக்கொண்டான். "எங்ஙனயா நிங்ஙள் ரண்டாளும்? ஞங்ஙளும் ஒந்நு காணட்டே" என்று லாரிக்காரர்களையும் சேர்த்துக்கொண்டு இளிப்பான். நாங்கள் இருவரும் எப்படி இருக்கிறோம் என்று அவர்களும் ஒருமுறை பார்க்க வேண்டுமாம். எங்கள் வாழ்க்கை அந்த நாய்களுக்கு இலவச சினிமா!

ஒரு சனிக்கிழமை, வாசலில் சூப்பர்வைசர் கதீஜாக்காவைத் தள்ளி நிறுத்திவிட்டு, எங்களை இனி தானே தடவிப் பார்ப்பதாகச் சொன்னான். "இவங்க ரண்டு பேரையும் இனி ஞான் நோக்காம். பெண்ணு தொட்டா இவங்களுக்குச் சுகமல்லே?"

வரிசையில் நின்ற பெண்களும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. லீலா என் கையைப் பிடித்துக்கொண்டாள். வேலை போனால் அறை போகும். அறை போனால் நான் ஊருக்கு, அவள் வைப்பினுக்கு. தெரிந்தேதான் அவளையும் இழுத்துக்கொண்டு, லாரிகள் வெளியே போகும் வாசலை மறித்து உட்கார்ந்தேன்.

"கையைத் தூக்க மாட்டேன். அக்கா பார்க்கட்டும். இல்லேன்னா லாரியை எங்க மேல ஏத்திட்டுப் போங்க!"

பின்னால் ஹாரன்கள் அலறின. கதீஜாக்கா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அவன் முன்னால் வந்து நின்றாள். "சாரே, இது என்ர சோலி. இன்னைக்கு இவளுகளைத் தொட்டா நாளைக்கு என்ர மவளையும் தொடுவீங்க. ஒருத்தியும் கையத் தூக்க மாட்டா, போங்க."

சிரித்த வாய்கள் மூடிக்கொண்டன. முதலாளி மாடியிலிருந்து இறங்கி வந்து, கப்பலுக்குப் போகும் சரக்கு தாமதமாகிறது என்று அவனைத் திட்டி உள்ளே அனுப்பினார். எங்களுக்காக அல்ல, மிளகுக்காக. அன்று எங்களைக் கதீஜாக்காதான் பார்த்தாள். இன்றுவரை அவள்தான் பார்க்கிறாள்.

அந்த மாதமே அம்மாவின் கடிதம் வந்தது. பெண் பார்க்க நாலாவது இடமாம், வந்து நின்றுவிட்டுப் போக வேண்டுமாம். "லீலாவோடு வருகிறேன், யாருக்கும் நின்று காட்ட மாட்டேன்" என்று பதில் போட்டேன். அதன்பின் ஊரிலிருந்து கடிதமே இல்லை. இங்கேயோ மற்றப் பெண்கள் வரிசையில் எங்களுக்கு முன்னும் பின்னும் ஓர் ஆள் இடம் விட்டு நிற்கிறார்கள். எங்கள் பழக்கம் ஒட்டிக்கொண்டுவிடுமாம்! இடம் விடட்டும். இரண்டு ஊரும் விட்டுவைத்த அந்த இடத்தில் நாங்கள் இருவரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கிறோம்.