பெரியம்மா வீட்டுச் சைவப் பூனை

பூனைக்குப் பார்வை போய்க்கொண்டிருப்பது எனக்குத் தெரியவந்தது ஒரு முறுக்குத் தாம்பாளத்தால். தீபாவளிக்கு முந்தின நாள். பெரியம்மா சுட்டு அடுக்கிய முறுக்கை ஆறட்டும் என்று தாம்பாளத்தோடு கூடத்தின் நடுவில் வைத்திருந்தாள். பூனை அடுக்களையிலிருந்து தலையை நிமிர்த்திக்கொண்டு வந்தது. நேரே வந்து தாம்பாளத்தில் முட்டியது. முறுக்கு சரிந்தது. பெரியப்பா சிரித்தார். பெரியம்மா, "கொழுப்பப் பாரு, முன்னால இருக்கது கண்ணுக்குத் தெரியல" என்றாள். நானும் சிரிக்கத்தான் போனேன். அதற்குள் பூனை பின்வாங்கி, கொஞ்சம் விலகி, மறுபடி அதே தாம்பாளத்தின் விளிம்பில் முட்டியது.

பூனையைத் தூக்கி வாசல் வெயிலுக்குக் கொண்டுபோனேன். நல்ல உச்சி வெயில். பூனையின் கண்மணி அந்த வெளிச்சத்தில் கோடாகச் சுருங்கியிருக்க வேண்டும். இதற்கு இரண்டு கண்ணிலும் கறுப்பு அகலமாக விரிந்தே இருந்தது. கண்ணுக்கு நேராக விரலைக் கொண்டுபோனேன். சிமிட்டவில்லை.

"கண்ண என்ன அப்படிப் பாக்க?" என்று பெரியம்மா கேட்டாள். "முன்னல்லாம் கோடு மாதிரி, பாக்கவே ஒரு மாதிரியா இருக்கும். இப்பம் எவ்ளோ அழகா கருகருன்னு ஆயிருக்கு பாரு. சைவம் சாப்புட்டு அதுக்குக் கண்ணுல ஒரு அருள் வந்துட்டு."

சைவம் சாப்பிட்டு என்ற சொல் அப்போது என் காதில் சரியாக விழவில்லை. விழுந்திருந்தால் தீபாவளி அன்றைக்கே கெட்டிருக்கும்.

யார், என்ன என்று சொல்லிவிடுகிறேன். அப்பா அம்மா காலத்துக்குப் பிறகு எனக்கு ஊர் என்றால் விக்கிரமசிங்கபுரம், வீடு என்றால் பெரியம்மா வீடு. பெரியப்பா அங்கே நூல் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. எனக்குக் கோயம்புத்தூரில் வேலை. பூனையை அங்கேதான் குட்டியில் எடுத்து வளர்த்தேன். வீட்டுக்காரர் வீட்டை இடித்துக் கட்டப்போவதாகச் சொல்லி நான் விடுதிக்குப் போக வேண்டி வந்தபோது, அதை என்ன செய்வது என்று தெரியவில்லை. பெரியம்மாதான், "இங்கன கொண்டாந்து விடுட்டி. ரெண்டு கெழடு சும்மாதான இருக்கோம், பாத்துக்கிட மாட்டமா" என்றாள். அப்போது அவளைக் கும்பிடத் தோன்றியது. அதற்கு ஒரு பெயரும் வைத்திருந்தேன். அந்த வீட்டில் யாரும் அதைச் சொன்னதில்லை. பூனை என்றுதான் கூப்பிடுவார்கள், அதுவும் அதற்கே திரும்பப் பழகிவிட்டது.

பெரியம்மா வீடு சைவம். முட்டை வாசலைத் தாண்டாது. பக்கத்துத் தெருவில் கருவாடு பொரிந்தால் இங்கே சன்னலைச் சாத்துவார்கள். ஆகவே பூனையைக் கொண்டுவந்த அன்றே உட்காரவைத்து விளக்கினேன். பூனைக்கு மாமிசச் சத்து வேண்டும், அது இல்லாமல் உயிர் வாழாது, இந்தப் பாக்கெட்டில் மீன் இருக்கிறது, மணி மணியாக இருக்கும், அதைத்தான் போட வேண்டும். பெரியம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. கடைசியில் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம். பாக்கெட்டைப் புறவாசலில் ஒரு தகர டின்னில் வைப்பது, அங்கேயே போடுவது, வீட்டுக்குள் கொண்டுவருவதில்லை. தீர்ந்தால் நான் கோயம்புத்தூரிலிருந்து வாங்கி அனுப்புவேன். இரண்டு பேரும் தலையாட்டினார்கள்.

அதன் பிறகு இரண்டு வருடம் நான் விளக்கிக்கொண்டே இருந்தேன். போனில் விளக்கினேன். கல்யாண வீட்டுப் பந்தியில் விளக்கினேன். ஒரு சித்தப்பா, பூனைக்கு எதற்குப் பாக்கெட், பாலை ஊற்றினால் போதாதா என்பார். அவருக்கு முதலிலிருந்து சொல்வேன். முடித்ததும், "அதெல்லாம் சரி, பால் ஊத்துனா போதாதா?" என்பார். பூனைக்கு விளக்கெண்ணெய் கொடு என்று ஒருவர். கழுத்தில் கறுப்புக் கயிறு கட்டு என்று ஒருவர். இவர்களில் யாரும் கெட்டவர்கள் இல்லை. எல்லோரும் பூனையைத் தடவிக் கொடுத்துவிட்டுத்தான் பேசுவார்கள். ஆனால் ஒரே விஷயத்தை ஒருத்தி எத்தனை தடவை சொல்ல முடியும்? ஒரு கட்டத்தில் சலித்துப்போய் விட்டேன். வாரம் ஒரு தடவை, "பூனைக்குச் சாப்பாடு போட்டாச்சா?" என்று கேட்பதோடு நிறுத்திக்கொண்டேன். "அதெல்லாம் போட்டாச்சு, ராணி மாதிரி இருக்கு" என்பாள். பாக்கெட்டும் ஒழுங்காகத் தீர்ந்துகொண்டிருந்தது.

தீபாவளி முடிந்த மறுநாள், காய்கறிக் கூடையின்மேல் துண்டைக் கட்டி, பூனையைத் திருநெல்வேலிக்குப் பஸ்ஸில் கொண்டுபோனேன். அங்கே இருந்த டாக்டர் சின்ன வயதுப் பெண். கண்ணில் வெளிச்சம் அடித்துப் பார்த்தார், நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார், என்ன சாப்பிடுகிறது என்றார். பாக்கெட்டின் பெயரைச் சொன்னேன்.

"அதச் சாப்பிட்டா இது வராதுக்கா" என்றார். "மாமிசத்துல இருக்கிற ஒரு சத்து பூனை உடம்புல தானா போதுமான அளவு உண்டாகாது. வெளியில இருந்துதான் கெடைக்கணும். ரொம்ப நாளு அது இல்லாமப் போனாத்தான் கண்ணு இப்படி ஆகும். வீட்ல நல்லாக் கேட்டுப் பாருங்க."

போன பார்வை வராது என்றும் சொன்னார். மிச்சம் கொஞ்சம் இருக்கிறது, வெளிச்சமும் நிழலும் தெரியும்; இன்றிலிருந்து சரியான தீனி போட்டால் அதையாவது காப்பாற்றலாம், இல்லாவிட்டால் அதுவும் போய்விடும், அடுத்து இதயம் என்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் கூடையை மடியில் வைத்துக்கொண்டு, என்ன கேட்பது, எப்படிக் கேட்பது என்று யோசித்தபடி வந்தேன்.

கேட்க ஒன்றும் கஷ்டமாக இல்லை. பெரியப்பா மறைக்கவே இல்லை.

"அந்தப் பாக்கெட்டா? அத நா காலைல பாவநாசம் போகும்போது எடுத்துட்டுப் போயிருவேன்" என்றார். "படித்துறைல மீனுக்குப் போடுவேன். எல்லாரும் பொரி போடுதாங்க. நா இதப் போடுதேன். மீனுவ துள்ளித் துள்ளித் திங்கும், பாக்கவே கொள்ளாம். புண்ணியமாப் போச்சு."

நான் கோயம்புத்தூரிலிருந்து அனுப்பிய மீனைத் தாமிரபரணி மீன்கள் இரண்டு வருடமாகத் தின்று கொழுத்திருக்கின்றன. பூனைக்குப் பருப்புச் சாதமும் நெய்யும், தயிர்ச்சாதம், பால். சஷ்டிக்குப் பால் மட்டும். ஒருநாள் பல்லி ஒன்றை அது கவ்விவிட்டதாம். பெரியம்மா அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, மஞ்சள் தண்ணீரில் பூனையின் வாயைக் கழுவியிருக்கிறாள். அதற்குப் பிறகு கதவைச் சாத்தியே வைத்திருந்தார்களாம், கெட்டது எதுவும் வாயில் பட்டுவிடக் கூடாது என்று. நான் ஊருக்கு வரும்போதெல்லாம் பாக்கெட்டைக் கொட்டினால் பூனை முகர்ந்துவிட்டு நகர்ந்துவிடும். வெயிலுக்குப் பசிக்கவில்லை என்று நினைத்துக்கொள்வேன்.

"போட்டாச்சுன்னு சொன்னீங்களே பெரியம்மா."

"சாப்பாடு போட்டாச்சான்னு கேட்ட. போட்டாச்சுன்னேன். பொய்யா சொன்னேன்?"

எனக்கு ஆத்திரம் வந்தது. டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னேன். நீங்கள் போட்ட சோற்றினால்தான் அதற்குக் கண் போனது என்றும் சொல்லிவிட்டேன். அன்று மதியம் பார்த்தால் பூனையின் தட்டில் பச்சையாக என்னவோ கிடந்தது. பொன்னாங்கண்ணிக் கீரை. பெரியம்மா சோற்றோடு பிசைந்து வைத்திருந்தாள், கண்ணுக்கு நல்லது என்று. பூனையை மடியில் மல்லாத்திப் போட்டு, நந்தியாவட்டைப் பூவை அதன் கண்ணில் ஒற்றிக்கொண்டும் இருந்தாள். அவள் அழுதிருந்தாள் என்று தெரிந்தது. நானும் தளர்ந்துபோய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"கீரை வேண்டாம் பெரியம்மா. அந்தப் பாக்கெட்டு போதும். கையால எடுத்துப் போடுங்க, அவ்ளோதான்."

"என்னால அது மட்டும் முடியாதுட்டி" என்றாள். "பொறந்ததுல இருந்து தொட்டதில்ல. அந்தக் கையாலதான வெளக்கேத்தணும். வேற என்ன வேணும்னாலும் சொல்லு, செய்யுதேன்."

ஆற்றங்கரையில் குளிப்பதற்கு முன் என்றால் சரி, வீட்டில் வைத்துத் தன்னாலும் ஆகாது என்றுவிட்டார் பெரியப்பா. வேறு என்ன சொல்வது? பூனை வளர்ப்பதற்கு ஆட்சேபம் சொல்லாத ஒரு மாடி வீட்டைத் தேடிப் பிடித்து, வாடகைக் காரில் அதைக் கோயம்புத்தூருக்குக் கொண்டுபோனேன். இனி யாருக்கும் எதையும் விளக்க வேண்டியதில்லை என்ற நிம்மதி, கார் கல்லிடைக்குறிச்சி தாண்டும்போதே வந்துவிட்டது.

அந்த நிம்மதி நிலைக்கவில்லை. புது வீட்டில் பூனை சுவரில் முட்டியது, கட்டில் காலில் முட்டியது, வாசற்படியில் உருண்டது. பிறகு நடப்பதையே விட்டுவிட்டது. குளியலறை மூலையில் போய் ஒடுங்கிக்கொண்டது. நான் வேலைக்குப் போகும்போது எங்கே இருந்ததோ, திரும்பி வரும்போதும் அங்கேயே இருக்கும். பாக்கெட்டைத் தண்ணீரில் குழைத்து, வாயருகே கொண்டுபோய், கெஞ்சி, கொஞ்சம் ஊட்டுவேன். பாதி வெளியே வந்துவிடும். எலும்பு கையில் தட்டுப்பட ஆரம்பித்தது. அங்கே இருந்த டாக்டர், பழகின இடம் என்று ஏதாவது இருந்தால் அங்கே விட்டுப் பாருங்கள், பார்வை போன பூனை இடத்தை மனப்பாடமாக வைத்திருக்கும் என்றார். பழகின இடம் எது என்று எனக்குத் தெரியும். தெரிந்ததுதான் எரிச்சலாக இருந்தது.

பெரியம்மா தினமும் சாயங்காலம் போன் பண்ணுவாள். "சாப்புட்டுச்சா?" என்பாள். அதைத் தவிர வேறு எதுவும் கேட்கமாட்டாள். இப்போது நான் அவளைப் போல, "அதெல்லாம் சாப்புட்டுது" என்று சொல்லத் தொடங்கியிருந்தேன். ஒருநாள் சொல்ல முடியவில்லை. மூலையில் கிடக்கிறது, எழுந்து வரமாட்டேன் என்கிறது, தினமும் இளைக்கிறது என்று கொட்டிவிட்டேன்.

"கொண்டாந்துரு" என்றாள். "நா போடுதேன்."

"எத?"

"அதத்தான். வாயால சொல்ல வைக்காத."

நம்பிக்கை இல்லாமல்தான் கொண்டுபோனேன். கண்ணைப் போக்கின வீட்டுக்கே கண்ணில்லாத பூனையைத் திரும்பக் கொண்டுபோகிறோமே என்று வழியெல்லாம் உறுத்தியது. கூடத்தில் கூடையை இறக்கித் துண்டை அவிழ்த்தேன். பூனை வெளியே வந்து கொஞ்ச நேரம் நின்றது. பிறகு பெரியப்பாவின் சாய்வு நாற்காலியைச் சுற்றிக்கொண்டு, அரிசிப் பானையை ஒட்டித் திரும்பி, எதிலும் படாமல் அடுக்களைக்குப் போய்விட்டது. பெரியப்பா, "நீ போனதுல இருந்து ஒரு சாமானையும் எடத்த விட்டு நகத்த விடல இவ. நாற்காலிய வெயிலுக்கு இழுத்துப் போட்டதுக்கு என்னிய என்ன ஏச்சு ஏசிட்டா" என்றார்.

புறவாசலில் நான்தான் முதலில் தட்டில் கொட்டிக் கூப்பிட்டேன். பூனை நிலைப்படியில் நின்றுகொண்டு வரவில்லை. பெரியம்மா என்னைத் தள்ளி நிற்கச் சொன்னாள். வலது கையில் ஒரு பாலிதீன் கவரை மாட்டி, மணிக்கட்டில் ரப்பர் பேண்டு போட்டிருந்தாள். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, முகத்தை வேலிப் பக்கம் திருப்பிக்கொண்டு, டின்னில் கையை விட்டாள். அவள் தோள் ஒருமுறை குலுங்கியது. தட்டில் போட்டாள்.

"பூன, வா. பைய வா. படி இருக்கு."

பூனை படியிறங்கி வந்து தின்றது. அது தின்று முடிக்கும்வரை அவள் அப்படியே நின்றாள். பிறகு கவரைக் கழற்றித் தூர எறிந்துவிட்டு, குளிக்கப் போனாள். குளிக்காமல் அடுக்களைக்குள் நுழைய முடியாது. இனி தினமும் இரண்டு வேளையும் இப்படித்தான். மார்கழி பிறந்துவிட்டால் அங்கே தண்ணீர் கையை வைக்க முடியாதபடி குளிரும், அவளுக்கோ மூட்டு வலி. எனக்கு அவள்மேல் இருந்த கோபம் போகவில்லை. அழுகையும் வந்தது.

ஈரத் தலையோடு வந்தவள், அடுக்களை மூலையில் பழைய இடத்தில் பூனையின் பழைய தட்டை வைத்து, ஓர் உருண்டை தயிர்ச்சாதம் போட்டாள்.

"இது எதுக்கு பெரியம்மா?"

"அந்த நாத்தம் வாயிலயே நிக்கும்லா. இது வாய் கொப்பளிக்கதுக்கு."

முதலிலிருந்து விளக்க வாயைத் திறந்தேன். அதற்குள் அவள், "இந்தா" என்றாள், குனிந்துகூடப் பார்க்காமல். பூனை என் காலைத் தாண்டி அந்தக் குரலுக்கு நேரே போய், தட்டில் முட்டாமல் நின்று, தின்ன ஆரம்பித்தது.