நாற்பது பெட்டிகளும் ஒரே டிரான்ஸ்ஃபார்மரும்

இணையத்தில் ஓடும் செட்டாப் பாக்ஸ்களை ஜவ்வாது மலைக்குக் கொண்டுவந்தபோது எனக்கு வயது அறுபத்தெட்டு. அதற்கு முன் இருபத்திரண்டு வருடங்கள் கேபிள் டிவி நடத்தியிருந்தேன். நூற்று எண்பத்தாறு வீடுகள். புளியங்கிளை விழுந்து கம்பி அறுந்த நாட்களை மட்டும் நான் எண்ணி வைக்கவில்லை. எண்ணியிருந்தால் தொழிலை எப்போதோ விட்டிருப்பேன்.

பெட்டிகளைக் கொடுத்த வேலூர் நிறுவனம் ஒரு நிபந்தனை போட்டது. முதலில் நாற்பது வீடு. ஒரு வாரம் முடியும்போது அவற்றில் குறைந்தது முப்பத்தைந்து ஓடிக்கொண்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் மலைக்கு இந்தச் சேவை கிடையாது. என் பழைய கம்பியோ இன்னொரு மழைக்காலம் தாங்காது. அந்த வாரம் கைவிட்டுப் போனால் தொழிலும் போய்விடும்.

இந்தப் பெட்டிகள் எல்லா ஊருக்கும் ஒரே மாதிரிதான் வருகின்றன. திறந்ததும் திரையில் எது வரவேண்டும், எந்தச் சேனலுக்கு என்ன எண் என்று நாம் சொன்னால் அதன்படி மாற்றித் தருவார்கள். அதைச் செய்த இன்ஜினீயர் ஒரு பெண். போனில்தான் பழக்கம். அவர் முதலில் அனுப்பிய மாதிரிப் பெட்டியைத் திறந்தால், மூன்று வரிசையில் பதினெட்டு சினிமா போஸ்டர்கள் நின்றன.

“இது எல்லாருக்கும் புடிக்குதுங்க ஐயா,” என்றார்.

“எங்க மலைல புடிக்காதும்மா. டிவியப் போட்டா சேனல் வரணும். ஏழாம் நம்பர அமுக்கினா செய்தி வரணும். இருபத்திரெண்டு வருசமா இங்க ஏழுன்னா செய்திதான்.”

நூற்றுப் பன்னிரண்டு சேனல்களையும் பழைய வரிசைப்படி எழுதி அனுப்பினேன். நான்கு முறை திருத்தினோம். ஐந்தாவது முறை சரியாக வந்தது.

போளூரிலிருந்து பெட்டிகளைப் பஸ்ஸில் ஏற்றிவந்து மூன்று நாளில் நாற்பது வீட்டிலும் மாட்டினேன். ஒவ்வொரு வீட்டிலும் மூன்று தடவை அணைத்துப் போட்டுப் பார்த்தேன். நூற்றிருபது தடவையும் படம் வந்தது.

நான்காம் நாள் காலை பத்து மணிக்குக் கரண்ட் போய்ப் பதினொன்றேகாலுக்கு வந்தது. கரண்ட் வந்ததே தவிர டிவி வரவில்லை. நாற்பது வீட்டிலும் ‘அனுமதி இல்லை’ என்று ஒரே ஒரு வரி.

மேல்தெருவில் சாமை பயிரிடும் பெண் பெட்டியைக் கழற்றிக் கையோடு கொண்டுவந்தார்.

“இன்னா கேபிள்காரரே, மூணு நாளு நல்லா இருந்துட்டு நாலாம் நாளு படுத்துக்கிச்சே! உங்க பொட்டி உங்க வூட்லயே இருக்கட்டுங்க.”

“சாயங்காலம் வரிக்கும் டைம் குடுங்க.”

“எந்த வருசத்துச் சாயங்காலம்?” என்று கேட்டுவிட்டு, பெட்டியை என் மேசைமேல் வைத்தார்.

மதியத்துக்குள் மேசையில் ஏழு பெட்டிகள் சேர்ந்துவிட்டன. ஐந்துக்கு மேல் போனால் கதை முடிந்தது. இன்ஜினீயரை அழைத்தேன்.

சிறிது நேரம் தேடிப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: “உங்க மலைலேர்ந்து ஒரே செகண்ட்ல நாப்பது பொட்டி வந்து, அனுமதி குடுக்கற எங்க சர்வர் கதவைத் தட்டியிருக்குங்க ஐயா. யாரோ திருட்டுத்தனமா நுழையறாங்கன்னு அது பூட்டிக்கிச்சு. பொட்டிங்க விடாம தட்டிக்கினே இருக்கறதால இன்னும் தொறக்கல. டவுன்ல இப்படி ஆனதே இல்லீங்க.”

“டவுன்ல வூட்டுக்கு வூடு இன்வெர்ட்டர் இருக்கும். இங்க நாப்பது வூட்டுக்கும் ஒரே டிரான்ஸ்ஃபார்மரும்மா.”

டிவி அணைந்திருந்தாலும், கரண்ட் வந்தால் பெட்டி தானாக விழித்துக்கொள்ளும். நூற்றிருபது தடவை சோதித்த நான், ஒரு தடவைகூட நாற்பதையும் சேர்த்துப் போட்டுப் பார்க்கவில்லை. இந்த மலையிலேயே இருந்துகொண்டு எனக்கு அது தோன்றாமல் போனதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சலாக இருக்கிறது.

பூட்டு எல்லா ஊருக்கும் பொது, அதைத் தளர்த்த முடியாது என்றார் இன்ஜினீயர்.

“அப்ப பொட்டிங்க வரிசைல வரட்டும். ஒண்ணுக்கு அப்புறம் மூணு செகண்ட் வுட்டு இன்னொண்ணு.”

“கடைசிப் பொட்டி நூத்திப் பதினேழு செகண்ட் நிக்கணுமேங்க. அவ்ளோ நேரம் வெறும் திரைய யாரு பாப்பாங்க?”

“வெறும் திரை வேணாம். எண்ணு காட்டுங்க. நூத்திப் பதினேழு, நூத்திப் பதினாறுன்னு எறங்கட்டும்.”

அவர் சிரித்தார். ஆனால் செய்தார். எண்ணுக்குக் கீழே ‘தயவுசெய்து காத்திருக்கவும்’ என்று போட்டிருந்தார். அதை எடுத்துவிட்டு ‘இதோ வருது’ என்று போடச் சொன்னேன். யாருக்கு முதலிடம் என்ற பட்டியலை நானே எழுதினேன். பெட்டியைத் திருப்பிக் கொடுத்த ஏழு பேருக்கு முதல் ஏழு இடம், என் வீட்டுக்கு நாற்பதாவது. அவர் பூட்டைத் திறந்துவிட்டு எல்லாப் பெட்டிகளுக்கும் புதிய அமைப்பை அனுப்பினார்.

ஐந்தரை மணிக்கு ஏழு பெட்டிகளையும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். போன வீட்டிலெல்லாம், கரண்ட் வந்ததும் திரையில் எண் இறங்கும் என்பதைச் சொன்னேன்.

“எனுக்கு எத்தினி?” என்றார் மேல்தெருப் பெண்.

“சைபர். கரண்ட் வந்தா உங்களுக்குத்தான் மொதல்ல.”

“பக்கத்து வூட்டுக்கு?”

“மூணு.”

“அப்ப மாட்டுங்க.”

ஏழு வீட்டிலும் மாட்டினேன். என்றாலும் கரண்ட் ஒரு தடவை போய் வரும்வரை எதுவும் நிச்சயமில்லை. வாழ்நாளில் முதல்முறையாக, கரண்ட் எப்போது போகும் என்று காத்திருந்தேன். ஐந்தாம் நாளும் ஆறாம் நாளும் போகவில்லை. கடைசி நாளான ஏழாம் நாள் மதியம் போனது. இன்ஜினீயரை அழைத்து, போனை வைக்காமல் உட்கார்ந்திருந்தேன். நாற்பத்தோரு நிமிடம் கழித்துக் கரண்ட் வந்தது. அவர் தம் திரையைப் பார்த்து எண்ணினார்.

“ஒண்ணு... ரெண்டு... மூணு...”

நானும் கூடவே எண்ணினேன். இருபதைத் தாண்டியது. முப்பத்தைந்தையும் தாண்டியது.

“முப்பத்தெட்டு, முப்பத்தொம்பது... ஒண்ணு வரலீங்க ஐயா.”

திரும்பிப் பார்த்தேன். என் மனைவி பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மிக்ஸியைச் சொருகிச் சட்னி அரைத்துக்கொண்டிருந்தாள்.

“வுடும்மா. அது என் வூடு,” என்றேன் போனில்.

“அப்ப நீங்க பாஸுங்க. மிச்சம் நூத்தி நாப்பத்தாறையும் அனுப்பட்டுமா?”

“ரெண்டு நாளு பொறுங்க. மொதல்ல வரிசை எழுதித் தர்றேன்.”

மூன்று மூன்று செகண்டாக நூற்று எண்பத்தாறு வீட்டையும் நிறுத்தினால் கடைசி வீடு ஒன்பது நிமிடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். அது ஆகாது. எந்த வீடு எந்த டிரான்ஸ்ஃபார்மரில் இருக்கிறது என்று தெரிந்தால் ஒவ்வொன்றுக்கும் தனி வரிசை போட்டுவிடலாம். நோட்டை எடுத்துக்கொண்டு, வெயில் இறங்குவதற்குள் முதல் மின்கம்பத்தடிக்குப் போய் நின்றேன்.