ஆறு நடந்து வந்த மாதம்

மாதத்தின் கடைசி ஞாயிறு, தேவாலயம் விட்டு வந்ததும் செனோலோ காலணியைக் கழற்றி எறிந்துவிட்டு, சமையலறை மேசையில் கைபேசியை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். அந்த ஒரு மணி நேரம் வீடு தீப்பிடித்தாலும் எழுந்திருக்க மாட்டாள் என்பது மௌன் நகரில் அவளுடைய தெருவுக்கே தெரியும்.

அம்மா இறந்த வருடம் தொடங்கிய பழக்கம் அது. தம்பி காபோ தெற்கே வைரச் சுரங்கத்தில் மாடி வீட்டு உயரத்துக்கு இருக்கும் லாரி ஓட்டுகிறான். தங்கை நேலோ இங்கிலாந்தில் வயதானவர்களைக் குளிப்பாட்டிச் சோறூட்டும் வேலையில் இருக்கிறாள். ஊரில் மிஞ்சியவள் செனோலோ மட்டும்தான். ஆளுக்கொரு திசையில் போனவர்களைக் கட்டி வைக்க ஒரு கயிறு வேண்டுமே என்று மாதாமாதம் எழுத ஆரம்பித்தாள். கடிதத்துக்கு நான்கு தலைப்பு: வீடு, வேலை, படித்தது, பார்த்தது. முதலில் இரண்டு பேருக்கு எழுதினாள். அத்தை மகள், சித்தப்பா மருமகன் என்று சேர்ந்து சேர்ந்து இப்போது நாற்பத்தொரு பேர் வாசிக்கிறார்கள். பதில் எழுதுகிறவர்கள் குறைவு. காபோவிடமிருந்து ஐந்து வருடமாக வந்ததெல்லாம் ஒரு கட்டைவிரல் படம்.

‘வேலை’ என்ற தலைப்பில் எழுத அவளுக்கு விஷயத்துக்குப் பஞ்சமே இல்லை. விமான நிலையத்தில், டெல்டாச் சதுப்புக்குக் காட்டு விலங்கு பார்க்கப் போகும் குட்டி விமானங்களில் ஏறுகிறவர்களையும் அவர்கள் பைகளையும் எடை போடுகிறவள் அவள். ஆள் எத்தனை கிலோ என்று கேட்டால் உலகத்தின் எந்த மூலையிலிருந்து வந்தவரும் பொய்தான் சொல்வார். சொன்ன எடை, தராசு காட்டிய எடை இரண்டையும் அந்த மனிதர்களின் பெயர் சொல்லாமல் எழுதுவாள். ‘படித்தது’ நூலகப் புத்தகம். ஜூன் மாதம் அவள் கையில் இருந்தது ஒரு துப்பறியும் கதை. அதன் கடைசிப் பதினொரு பக்கத்தை யாரோ கிழித்திருந்தார்கள். ‘பார்த்தது’ எப்போதும் தொலைக்காட்சித் தொடர்தான். செத்துப்போனதாக எல்லோரும் அழுது முடித்த மாமனார் போன மாதம் புதுச் சட்டையோடு திரும்பி வந்திருந்தார்.

‘வீடு’ என்றால் மொனாகெங். மூன்று வருடம் முன்பு, தன் நாற்பத்து நான்காவது வயதில், செனோலோ கட்டிக்கொண்ட கணவன். கலஹாரி மணலுக்கு நடுவே பிறந்து வளர்ந்தவன். இரும்புக் கதவு செய்யும் பற்றவைப்புக்காரன். அவன் ஊரில் தண்ணீர் என்றால் வானத்திலிருந்து விழ வேண்டும், இல்லையென்றால் துளைக்கிணற்றிலிருந்து இறைக்க வேண்டும். மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது என்று யார் சொன்னாலும் சிரிப்பான்.

சிரிக்க அவனுக்குக் காரணமும் இருந்தது. அவன் வந்ததிலிருந்து தமலக்கானே ஆறு ஊருக்கு வரவேயில்லை. ஆற்றுப் படுகையில் மாடு மேய்ந்தது, பிள்ளைகள் பந்து விளையாடினார்கள். கரைக்குக் கீழே இடம் சும்மா கிடக்கிறதே என்று மொனாகெங் தான் செய்த கதவுகளை எல்லாம் அங்கே அடுக்கி வைத்திருந்தான்.

“உங்க ஊருல ஆத்துக்கா பாலம் கட்டினாங்க? மாட்டுக்கு நெழல் வேணும்னு கட்டியிருக்காங்க,” என்பான்.

“வரும்போது பாருங்க.”

“வரட்டும். வந்தா நான் ஒரு மாசம் சமைக்கிறேன். களி கிண்டி, கீரை கடைஞ்சு, உன் தட்டுல கொண்டாந்து வைக்கிறேன்.”

ஜூன் இரண்டாம் வாரம் ஒரு மாலை, விமானத்தை நிறுத்திவிட்டு வந்த வாமே, விமானி, முப்பது வயதுகூட ஆகாத பெண், தராசு மேசையில் சாய்ந்துகொண்டு சொன்னாள்:

“அக்கா, இன்னிக்கு அதோட நுனியப் பாத்தேன்.”

“எதோட நுனி?”

“தண்ணியோட நுனி. காட்டெருமை ஊருக்குள்ள வராம போட்ட வேலிகிட்ட இருக்கு. மேலேர்ந்து பாத்தா கறுப்பு நூலு ஒண்ண மணல்ல யாரோ இழுத்துட்டு வர்ற மாதிரி இருக்கு. அதுக்குப் பின்னாடி பூராவும் பச்சை, அக்கா.”

அன்றிலிருந்து செனோலோவுக்கு வேலையில் மனம் ஒட்டவில்லை. ஒவ்வொரு விமானம் இறங்கும்போதும் வெளியே ஓடிப் போய்க் கேட்டாள். இன்று இரண்டு கிலோமீட்டர். இன்று ஒன்றுதான், ஒரு பள்ளத்தை நிரப்பிக்கொண்டு நிற்கிறது. இன்று நான்கு.

“கதவையெல்லாம் மேல ஏத்துங்க,” என்று வீட்டில் தினமும் சொன்னாள்.

“ஆமா, ஆறு வந்து கதவத் தட்டும். தொறந்து விடறேன்,” என்றான் மொனாகெங்.

கடைசி ஞாயிறு வந்தது. குளிர்காலக் காலை, வாயைத் திறந்தால் புகை. பிரசங்கம் பாதியில் இருக்கும்போது பின்வரிசையில் யாருடைய கைபேசியோ அடித்தது. எடுத்தவர் எழுந்து நின்றார். “போரோ ஆத்து முகத்தத் தாண்டிருச்சாம். நம்ம ஆத்துக்குள்ள எறங்கிருச்சாம்.” போதகர் ஒரு நிமிடம் விவிலியத்தைப் பார்த்தார், ஒரு நிமிடம் சபையைப் பார்த்தார். பிறகு புத்தகத்தை மூடிவிட்டு, “போலாம்,” என்றார்.

செனோலோ வீட்டுக்குள் நுழையாமல், வாசலில் கதவுக்கு வண்ணம் பூசிக்கொண்டிருந்தவனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படுகையில் இறங்கினாள். வடக்கே அரை கிலோமீட்டர் நடந்தார்கள். வழியெல்லாம் சனம். நாற்காலியைத் தலையில் வைத்துக்கொண்டு சிலர், குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு சிலர். மொனாகெங் மட்டும் வாய் ஓயாமல் கேலி பேசிக்கொண்டு வந்தான். வளைவு திரும்பியதும் நின்றுவிட்டான்.

முதலில் தெரிந்தது பறவைகள். நூற்றுக்கணக்கான கொக்குகளும் நாரைகளும் வரிசை கட்டித் தரையைக் கொத்திக்கொண்டு இவர்களை நோக்கி நடந்து வந்தன. அவற்றின் கால்களுக்கிடையே வண்டு, தேள், பூரான், எறும்பு, வளைக்குள் இருந்ததெல்லாம் வெளியே வந்து ஓடின. அதற்குப் பின்னால், படுகையின் அகலம் முழுக்க, காய்ந்த சாணியையும் சருகையும் நுரையையும் ஒரு முழத்துக்கு முன்னே தள்ளிக்கொண்டு, தண்ணீர் வந்தது.

அதற்கு அவசரமே இல்லை. குழந்தை தவழும் வேகம்கூட இல்லை. ஒரு குளம்புத் தடம் குறுக்கிட்டால் நின்று, அதை நிரப்பி, விளிம்பில் ஒரு கணம் தயங்கி, அடுத்த தடத்துக்கு இறங்கும். வெடித்த மண்ணுக்குள் அது நுழையும்போது உள்ளே இருந்த காற்று குமிழியாக வெளியே வந்தது. படுகை முழுக்க அந்தச் சத்தம், எங்கோ ஆயிரம் சட்டியில் மெல்லிய தீயில் எதையோ தாளிப்பதுபோல. ஐந்நூறு பேர் இருந்திருப்பார்கள். தண்ணீர் ஓரடி முன்னே வந்தால் எல்லோரும் ஓரடி பின்னே வைத்தார்கள், பெரிய மனிதருக்கு வழி விடுவதுபோல.

சின்ன வயதில் செனோலோ இதைப் பலமுறை பார்த்திருக்கிறாள். அப்போது வருடம் தவறாமல் வரும், அதனால் அது ஒரு விஷயமாகவே தெரிந்ததில்லை. இப்போது அது நகரும் ஒவ்வொரு அடியையும் கண் எடுக்காமல் பார்த்தாள்.

மொனாகெங் தொப்பியைக் கழற்றினான். குந்தி உட்கார்ந்து, உள்ளங்கையை மணலில் விரித்து வைத்துக் காத்திருந்தான். தண்ணீர் வந்து விரல் நுனியைத் தொட்டது, விரல்களுக்கு நடுவே புகுந்தது, மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டு போனது.

“எங்கேர்ந்து வருது இது?”

“அங்கோலாவுலேர்ந்து.”

“அங்க எப்ப மழை?”

“ஜனவரில.”

அவன் விரல் விட்டு எண்ணினான். “அஞ்சு மாசமா நடந்து வருதா? வழியில இவ்ளோ மணல் இருக்கே, குடிச்சிருக்காதா?”

“குடிச்சது போக மிச்சம்தான் இது.”

“வானத்துல ஒரு துண்டு மேகம் இல்லையேடி,” என்றான். மேலே பார்த்தான். மறுபடி கையைப் பார்த்தான். அவன் கண் கலங்கியிருந்ததை அவள் பார்த்தும் பாராததுபோல் இருந்தாள். அடுத்த நிமிடம் அவன் துள்ளி எழுந்தான். “ஐயோ, என் கதவு!”

அந்த வேகத்தில் ஓர் ஐம்பத்து மூன்று வயதுக்காரர் ஓடி மௌன் நகரம் அதற்கு முன் பார்த்ததில்லை. ஊதா அங்கி போட்ட பாடகர் குழு முழுவதும் அவன் பின்னால் ஓடியது. பதினான்கு இரும்புக் கதவுகள். நான்கு பேர் சேர்ந்தால்தான் ஒன்று நகரும். பக்திப்பாடல் பாடியபடியே ஒவ்வொன்றாய்க் கரையேற்றினார்கள். கடைசிக் கதவைத் தூக்கும்போது அடிப்பக்கம் நனைந்திருந்தது.

“இப்ப யாரு கதவத் தட்டினது?” என்று கேட்டாள் செனோலோ. அவன் மறுபடியும் தண்ணீரின் நுனிக்கு இறங்கிப் போய், அதோடு கூடவே பாலம் வரைக்கும் பின்னோக்கி நடந்தான்.

கடிதம் எழுதும் நேரம் எப்போதோ தாண்டியிருந்தது. கரையில் உட்கார்ந்து கைபேசியை எடுத்தபோது காபோவே கூப்பிட்டான்.

“என்னக்கா, கடிதம் வரல? ஒடம்பு சரியில்லையா?”

அவனுக்குக் குரல் இருப்பதே மறந்துபோகும் அளவுக்கு நாளாகியிருந்தது. “நீ படிக்கிறியாடா அதை?”

“மூணு தடவ படிப்பேன். லாரியில சுமை ஏத்துற வரைக்கும் அதான் வேலை. என்ன எழுதறதுன்னு தெரியாம கட்டைவெரலப் போட்டு விட்டுருவேன்.”

“ஆறு வந்துருச்சு, காபோ.”

எதிர்முனையில் அவன் லாரி எஞ்சினை அணைப்பது கேட்டது. பிறகு, “இந்த மாசம் எழுத வேணாம்க்கா. போனை அதுகிட்டப் பிடி,” என்றான்.

அவள் இறங்கிப் போய், குமிழி வெடிக்கும் இடத்தில் கைபேசியைத் தாழ்த்திப் பிடித்தாள். நேலோவையும் அழைப்பில் சேர்த்தாள். நேலோ பணியில் இருந்தாள். தொண்ணூறு வயது மூதாட்டி ஒருத்திக்குத் தலைவாரிக்கொண்டிருந்தாளாம். சத்தமாக வைத்துவிட்டாள் போல.

“அந்தம்மா கேக்கறாங்க, வெளிய மழையான்னு,” என்றாள் நேலோ, மூக்கை உறிஞ்சியபடி. “இல்லம்மா, எங்க ஆறு ஊருக்கு வருதுன்னு சொல்லியிருக்கேன். சீப்ப வச்சிட்டு நீயும் கேளும்மாங்கறாங்க.”

மூன்று பேரும் இருந்த இடத்திலேயே கொஞ்ச நேரம் ஆற்றைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். யார் அழுதது, யார் அழவில்லை என்று ஒருவரும் கேட்டுக்கொள்ளவில்லை.

கடிதம் செவ்வாய்க்கிழமைதான் போனது. வீடு, வேலை இரண்டும் எப்போதும்போல. படித்தது என்ற இடத்தில், ஒரு பக்கம்கூட இல்லை என்று ஒப்புக்கொண்டாள். பார்த்தது என்று எழுதிவிட்டு வெகுநேரம் விரலை நிறுத்தி வைத்திருந்தாள். தொடரைப் பற்றி இத்தனை வருடம் எழுதிய சொல் எதுவும் இதற்குப் பொருந்தவில்லை. ‘ஞாயிறு பகல் பன்னிரண்டரைக்கு நம் ஆறு வீட்டுக்கு நேரே வந்தது. நாங்கள் எல்லோரும் பின்னே நகர்ந்து வழி விட்டோம்’ என்று எழுதி அனுப்பினாள். முப்பத்தெட்டுப் பேர் பதில் எழுதினார்கள்.

புதன்கிழமை விடிந்ததும் மொனாகெங்கைப் படுக்கையில் காணோம். கரையோரத் தண்ணீரில் முழங்கால் நனைய நின்றுகொண்டிருந்தான். தண்ணீர் தெளிந்து, அடிமணல் தெரிந்தது. விரல் நீளக் கெளுத்திக் குஞ்சுகள் அவன் நிழலுக்குள் வந்து போயின. அவன் கைபேசியில் கலஹாரியில் இருக்கும் தன் அண்ணனிடம் கத்திக்கொண்டிருந்தான்.

“மழையில்ல அண்ணே, மழையே இல்ல! தானா வருது, நடந்து வருது... இல்ல, நான் குடிக்கல. சத்தியமா. காலங்காத்தால எவன் குடிப்பான்?”

அண்ணன் சிரிக்கும் சத்தம் அவளுக்கே கேட்டது. மொனாகெங் தோற்றுப்போன முகத்தோடு கைபேசியை நீட்டினான். “நம்ப மாட்டேங்கறாரு. நீதான எழுதறவ, நீ சொல்லு.”

செனோலோ வாங்கிக்கொண்டாள். “ஆமா மச்சான், உண்மைதான். வடக்கே நாடு தாண்டி மலையில பேஞ்ச மழை. அஞ்சு மாசம் மணல்ல நடந்து நம்ம வாசலுக்கு வந்திருக்கு. ஒங்க தம்பி இப்ப முழங்கால் அளவு தண்ணியில நிக்கிறாரு.”

அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது. பிறகு அவர் கைபேசியைப் பொத்திக்கொண்டு யாரையோ கூப்பிடுவது கேட்டது: “ஏம்மா, அடுப்ப விட்டுட்டு இங்க வா. பிள்ளைங்களையும் எழுப்பிக் கூட்டியா. இவ சொல்றதக் கேளு.”