மீலூதி தேடிய கொல்லன்

துக்காலாச் சமவெளியில் மீலூதியின் குதிரைக் குழு என்றால் ஒரு காலத்தில் தனி மரியாதை. தர்கா விழா மைதானத்தில் பதினைந்து குதிரைகள் ஒரே வரிசையாகப் பாய்ந்து வரும். எல்லைக் கோட்டை நெருங்கும்போது பதினைந்து துப்பாக்கிகளும் ஒரே வெடியாக வெடிக்க வேண்டும். குண்டு கிடையாது, வெறும் கருமருந்துதான். அந்த ஒரு சத்தத்துக்காகத்தான் வருஷம் முழுக்கக் குதிரைக்கு பார்லி போடுவதும், குழல் துடைப்பதும், பெண்டாட்டியிடம் திட்டு வாங்குவதும். எல்லாம் ஒன்றாக வெடித்து ஒன்றே ஒன்று மட்டும் இழுத்துக்கொண்டு பின்னால் 'டுப்' என்றதோ, மொத்தக் குழுவின் மானமும் கப்பலேறிவிடும்.

மீலூதி அந்தக் குழுவின் முக்கத்தம், அதாவது தலைவர். அவருக்கு அப்பாவிடமிருந்து குழுவும் வந்தது, மூக்குக்கு மேல் கோபமும் வந்தது, கூடவே ஒரு வழக்கமும் வந்தது. பிந்திச் சுட்டவன், துப்பாக்கி வெடிக்காமலே போனவன், யாராக இருந்தாலும் அவன் துப்பாக்கிக்கு முக்காடு போட்டுவிடுவார். கூடாரத்திலிருக்கும் பெண்கள் யாரிடமாவது தலைத்துணியை வாங்கிக் குழல் முனையில் கட்டி, பொழுது சாயும்வரை வாசலில் நிறுத்தி வைப்பார். போகிறவன் வருகிறவனெல்லாம் "பொண்ணு எந்த வீடு?" என்று விசாரித்துவிட்டுப் போவான். மற்ற குழுக்கள் இந்தக் கூத்தை எப்போதோ விட்டுவிட்டன. மீலூதி விடவில்லை. அந்தத் துணிக்குப் பயந்துதான் தன் ஆட்கள் ஒழுங்காகச் சுடுகிறார்கள் என்று பெருமையடித்துக்கொள்வார்.

போன வருஷ விழாவில் அவருடைய தம்பி ஷர்கியின் துப்பாக்கி கையிலேயே வெடித்தது. குழல் கிழிந்து முகத்தில் ஏறிவிட்டது. சேணத்துக் கால் வளையத்தில் மாட்டிக்கொண்டவனைக் குதிரை எல்லைக் கோடுவரை இழுத்துக்கொண்டு போனது. மருத்துவமனைக்குக் கொண்டுபோக அவசியமே இருக்கவில்லை.

அந்தக் குழலில் அதற்கு முந்தின குளிர்காலத்தில் ஒரு விரிசல் விழுந்திருந்தது. சந்தை ஊர்த் துப்பாக்கிக் கொல்லர் கத்தூர்தான் பித்தளை வைத்து ஒட்டித் தேய்த்துக் கொடுத்தார். மீலூதிக்கு அது போதுமாயிருந்தது. இழவு வீட்டுக்கு வந்த சனம் கலைவதற்குள் வாரச்சந்தைக்குப் போய், கூட்டத்தின் நடுவே கத்தூரின் கையைப் பிடித்துத் தூக்கிக் காட்டினார்.

"என் தம்பியக் கொன்ன கை இதுதான். நல்லாப் பாத்துக்குங்க. இவங்கிட்ட துப்பாக்கிய குடுக்கிறவன் தனக்குத் தானே குழி தோண்டிக்கிறான்."

கத்தூர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கேட்க யார் இருந்தார்கள்? அதோடு அவர் உலை அணைந்தது. இப்போது பேருந்து நிலையத்தில் மஞ்சள் மேல்சட்டை போட்டுக்கொண்டு கார்களுக்குக் காவல் நிற்கிறார். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் மீலூதி காறித் துப்புவார். துப்பிய பிறகு அவருக்கு மனசு கொஞ்சம் லேசாகும், அதை மறைப்பானேன்.

இந்த வருஷ விழா நெருங்கியபோது ஆட்கள் சண்டித்தனம் செய்தார்கள். நம்பிக்கையான கொல்லன் ஒருத்தன் எல்லாத் துப்பாக்கியையும் பார்த்துச் சொன்னாலொழிய குதிரை ஏறமாட்டோம் என்று குழுவிலிருந்த பூஷைப் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டான். மற்றவர்களும் தலையாட்டினார்கள். ஷர்கிக்குப் பக்கத்திலேயே எப்போதும் குதிரை விடும் மூத்தவர் அல்லால் மட்டும் தேநீர்க் குவளையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

நம்பிக்கையான கொல்லனை எங்கே போய்த் தேடுவது? மீலூதி ஒரு வழி வைத்திருந்தார். அப்பாவின் பழைய துப்பாக்கியில் ஒரு வெள்ளிப் பட்டையின் அடியில் மயிரிழை விரிசல் ஒன்று உண்டு. அது வீட்டுக்காரர்களுக்கு மட்டுமே தெரியும். அதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைந்தார். கடற்கரை ஊர்க் கொல்லன் குழலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிடிக்கட்டையில் ஒட்டக எலும்பு பதித்துத் தருகிறேன், வெள்ளிக் கம்பி இழைத்துத் தருகிறேன் என்று துணிக்கடைக்காரன் மாதிரி அடுக்கினான். இன்னொருவன் விரிசலைக் கண்டுபிடித்துவிட்டான். மீலூதிக்கு ஒரு நிமிஷம் உயிர் வந்தது. உடனே அவன் குரலைத் தாழ்த்தி, இதை வெளியில் தெரியாமல் அடைத்துத் தருகிறேன், யாருக்காவது விற்றுவிடுங்கள் என்றான். மீலூதி செருப்பைக் கழற்றப் போய், பிறகு வாங்கின தேநீருக்கு மரியாதையாக எழுந்து வந்தார்.

மலையடிவாரத்து ஹம்மாதியைப் பற்றிச் சொன்னவர்கள் யாரும் நல்ல மாதிரி சொல்லவில்லை. வாய் ஆகாது, மனுஷ முகம் பார்த்துப் பேசமாட்டான், போன வேலை பாதியில் திரும்பி வரும் என்றுதான் சொன்னார்கள். மீலூதி போனபோது ஹம்மாதி ஒரு ரொட்டித் துண்டை எண்ணெயில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தார். வாயில் ரொட்டியோடேயே துப்பாக்கியை வாங்கினார், பட்டைகளை ஒவ்வொன்றாகத் தள்ளினார், விரிசலை நகத்தால் தடவினார். அப்புறம் கேட்காமல் கொள்ளாமல் குழலைப் பட்டறைக் கல்லில் வைத்து, மேலே சம்மட்டியைப் போட்டு நசுக்கிவிட்டார்.

"யோவ், அது எங்கப்பன் துப்பாக்கி!"

"உங்கப்பன் போய்ச் சேர்ந்துட்டாருல்ல? பின்னாடியே நீ போகணுமா? வேணும்னா உன் கை நீளத்துக்குப் புதுசா அடிச்சுத் தரேன். இதை மட்டும் ஒட்டித் தரமாட்டேன்."

மீலூதிக்கு அழுகை வந்துவிட்டது. அப்பாவின் பொருள் போனதற்காக அல்ல, கடைசியில் ஒரு ஆள் கிடைத்துவிட்டானே என்று. கண்ணைத் துடைத்துக்கொண்டு கோணிக்குள் கையை விட்டு, ஒருவருக்கும் காட்டாமல் கொண்டுவந்திருந்த அந்த இன்னொரு துப்பாக்கியை எடுத்து வைத்தார். கிழிந்து விரிந்து, கட்டை கருகிப்போயிருந்த ஷர்கியின் துப்பாக்கி. கத்தூர் என்ன பாவம் பண்ணினான் என்று விவரமறிந்த ஒருத்தர் வாயால் கேட்க வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை.

ஹம்மாதி அதை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் நெடுநேரம் பார்த்தார். திரும்பி வந்தபோது அவர் குரலில் அந்த முரட்டுத்தனம் இல்லை, பெயருக்கு முன்னால் மரியாதைக்கு ஒரு 'ஸீ'யும் சேர்ந்திருந்தது.

"ஸீ மீலூதி, இந்தப் பித்தளை ஒட்டு யாரு போட்டது?"

கத்தூர் என்றார் மீலூதி, துப்புகிற மாதிரி.

"நல்ல கை. பாரு, குழல் மொத்தமும் கிழிஞ்சும் இந்த ஒட்டு அசையல. கிழிஞ்சது அடியில. உள்ள விரல விடு. வளையமா வீங்கியிருக்குதா? மருந்து மேல மருந்து போட்டா இப்படித்தான் வரும். மொத ஓட்டத்துல வெடிக்கல. வெடிக்கலன்னு சொல்லாம, அது மேலயே மறுபடியும் கொட்டிக் கெட்டிச்சிருக்கான்."

மீலூதி அது நடக்கவே நடக்காது என்று சாதித்தார். வெடிக்காவிட்டால் தனக்குத் தெரியாமல் போகுமா? ஹம்மாதி அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிந்தி வெடித்தால் மைதானத்துக்கே கேட்கும், வெடிக்காமல் போனால் கையில் வைத்திருப்பவனைத் தவிர யாருக்குத் தெரியும் என்று கேட்டார். பிறகு, சொன்னால் என்ன, தலையையா வாங்கிவிடுவீர்கள், எதற்காக மறைத்தான் என்று கேட்டார். மீலூதி கிழிந்த துப்பாக்கியை எடுத்துக் கோணிக்குள் திணித்தார். விழாவின் முதல் நாள் ஷர்கி பிந்திச் சுட்டான். அன்று பொழுது சாயும்வரை அவன் துப்பாக்கிதான் முக்காட்டோடு வாசலில் நின்றது. மறுநாள்தான் அவன் செத்தான்.

மற்ற துப்பாக்கிகளைக் கொண்டுவரச் சொன்னார் ஹம்மாதி. அதற்கு முன் ஒவ்வொரு குழலிலும் கம்பியை விட்டுப் பார்க்க வேண்டும். அடிவரை போனால் காலி, பாதியில் நின்றால் உள்ளே மருந்து கிடக்கிறது. மருந்தோடு இருப்பது என் உலைப் பக்கமே வரக்கூடாது என்று கறாராகச் சொல்லி அனுப்பினார்.

திரும்பும் வழியில் சந்தை ஊரில் பேருந்து நின்றது. மஞ்சள் சட்டை கத்தூர் ஒரு கார் பின்னால் வர வழிகாட்டிக் கையசைத்துக்கொண்டிருந்தார். ஜன்னல் வழியாக மீலூதி அந்தக் கையையே பார்த்தார். இறங்க வேண்டும் என்றுதான் நினைத்தார், இறங்கவில்லை. பேருந்து கிளம்பிவிட்டது.

மறுநாள் குழு முழுவதையும் துப்பாக்கியோடு வீட்டுக்கு வரச் சொன்னார். ஷர்கியின் விதவை ஃபத்னா அந்த வீட்டில்தான் இருக்கிறாள். அவள் தேநீர் ஊற்றிக்கொண்டிருக்கும்போதே, கத்தூர் மேல் தப்பில்லை என்று சொல்லிவிட்டார். ஏன் என்றும் சொன்னார், மருந்து மேல் மருந்து என்பதுவரை. முக்காட்டைப் பற்றிச் சொல்ல மட்டும் வாய் வரவில்லை. பிறகு கம்பியை எடுத்து, கொடுத்த துப்பாக்கியையெல்லாம் வரிசையாகச் சோதித்தார். ஒவ்வொன்றிலும் அடியில் போய் டங்கென்று முட்டியது.

அல்லாலின் துப்பாக்கியில் கம்பி பாதியில் நின்றது.

மீலூதி மறுபடி விட்டுப் பார்த்தார். மறுபடியும் நின்றது. அல்லால் தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"அன்னிக்கிப் போட்டது, முக்கத்தம். காலையில தூறல்ல மருந்து நமுத்துப்போச்சு இல்ல? மொத ஓட்டத்துல எனக்கும் வெடிக்கல, ஷர்கிக்கும் வெடிக்கல. அவன் என்னைப் பாத்தான். வாயத் தொறக்காதேன்னு கண்ணால கெஞ்சினான். ரெண்டாவது ஓட்டத்துக்கு நான் மருந்து போடுற மாதிரி சும்மா பாவலா பண்ணிட்டு ஓடினேன். அவன் நெசமாவே கொட்டினான். கொட்டுறதப் பாத்துக்கிட்டுதான் இருந்தேன்."

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவன் இருந்திருப்பானேய்யா."

"சொல்லியிருந்தா ரெண்டு துப்பாக்கிக்கும் முக்காடு. விழாவுக்கு என் மருமகன் வந்திருந்தார், சம்பந்தி வந்திருந்தார். அப்புறம் நீங்க கத்தூர்தான்னு சந்தையில சொல்லிட்டீங்க. நீங்க சொன்னதுக்கு மேல இங்க யாரு பேசினா, நான் பேச?"

மீலூதிக்குக் கை பரபரத்தது. ஆனால் அறைய வேண்டிய ஆள் யார் என்று அவருக்கு இப்போது தெரியும். சுற்றிலும் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தார். ஒருவர் விடாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இதற்கு முன் இப்படி மறைத்தவர்கள் இன்னும் எத்தனை பேரோ, கேட்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

ஃபத்னா தேநீர்ப் பாத்திரத்தை மெதுவாகத் தரையில் வைத்தாள். அவள் அழுவாள், சபிப்பாள் என்று மீலூதி எதிர்பார்த்தார். சபித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஸீ மீலூதி," என்றாள். "மொத நாள் அவர் துப்பாக்கியில கட்ட நீங்க எங்கிட்டதான் துணி கேட்டீங்க. நான் சிரிச்சுக்கிட்டே அவுத்துக் குடுத்தேன்."